வைரல் இனிப்புக்குள் ஒளிந்திருக்கும் பழைய பதங்கள்

அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பினாள். வெள்ளைத் தட்டில் கையளவு சாக்லேட் கேக், கரண்டியால் நடுவே பிளந்தது. உள்ளிருந்து வழிந்து வரவேண்டிய சாக்லேட்டைக் காணோம். அடியிலிருந்து நுனிவரை நன்றாக வெந்த கேக். "சித்தி, இது லாவா கேக். லாவா மட்டும் வரல. ரீல்ல காட்டின அதே அளவு, அதே 12 நிமிஷம். எங்க தப்பு?" அதற்கு முந்தைய வாரம் செய்தபோது கேக் நிற்கவே இல்லையாம்; அச்சிலிருந்து கவிழ்த்ததும் சரிந்து தட்டெல்லாம் ஓடிவிட்டதாம். அன்றும் அதே அளவு, அதே 12 நிமிடம்.

இந்தக் கேள்வி அவளுடையது மட்டுமல்ல. வீட்டில் பேக்கிங் தொடங்கும் பலரும் இன்று ஒரு வைரல் இனிப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒருமுறை நன்றாக வருகிறது, மறுமுறை வரவில்லை, காரணம் பிடிபடவில்லை. இரண்டு மூன்று தோல்விக்குப் பிறகு "எனக்குக் கை வராது" என்று முடிவுகட்டி, வாங்கிய அச்சுகளைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களிடம் எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்குச் சொல்லப்படாமல் போன ஒன்று இருக்கிறது. அதற்குத் தமிழில் அருமையான ஒரு சொல் உண்டு: பதம்.

பதம் என்றால் என்ன?

ஒரு பொருள் அடுத்த கட்டத்துக்குப் போகத் தயாராக இருக்கும் நிலை பதம். அந்த நிலையைக் கண்ணாலும் விரலாலும் மூக்காலும் காதாலும் அறிந்துகொள்வதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். இளம்பதம், முற்றிய பதம், பதம் தப்பிவிட்டது என்று பேசும்போது நிமிடக் கணக்கைச் சொல்வதில்லை. பொருளின் நிலையைச் சொல்கிறோம். "ஐந்து நிமிடம் அடிக்கவும்" என்பது ஒரு கட்டளை. "வெண்ணெயின் மஞ்சள் வெளிறி, தந்த நிறத்துக்கு வரும்வரை அடிக்கவும்" என்பது ஒரு பதம். முதலாவது உங்கள் சமையலறையின் வெப்பத்தையும் அடிக்கும் கருவியான பீட்டரின் வேகத்தையும் பொறுத்துச் சரியாகவும் போகலாம், தவறாகவும் போகலாம். இரண்டாவது எந்தச் சமையலறையிலும் பொருந்தும்.

முப்பது நாற்பது விநாடி ரீலில் பொருள்கள் தெரிகின்றன, அளவு எழுத்தில் ஓடுகிறது, கடைசியில் கேக்கை வெட்டும் காட்சி வருகிறது. அடிப்பதும் காத்திருப்பதும் மாவின் நிறம் மாறுவதும் வெட்டப்பட்டுவிடுகின்றன, ஏனென்றால் பார்ப்பதற்கு அவை சலிப்பூட்டும். ஆனால் வேலை முழுவதும் அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் நடக்கிறது.

புதிது என்று வருவதைப் பிரித்துப் பார்ப்போம்

ஒவ்வொரு புது மோகத்தின் உள்ளேயும் பழைய கைவேலை இரண்டோ மூன்றோ இருக்கும். அதைப் பிரித்துக் காணப் பழகிவிட்டால், அடுத்த மாதம் எது வைரலானாலும் அது உங்களுக்கு அந்நியமாகத் தெரியாது.

க்ரோனட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 மே 10 அன்று நியூயார்க்கில் டொமினிக் ஆன்செல் தன் பேக்கரியில் இதை அறிமுகப்படுத்தினார். க்ரோசான் மாவைப் போன்ற அடுக்குமாவை டோநட் வடிவில் வெட்டி, எண்ணெயில் பொரித்து, நடுவே க்ரீம் நிரப்பியது. சில நாட்களிலேயே விடியற்காலையில் வரிசை நிற்கத் தொடங்கியது. பெயரை அவர் வணிகக்குறியாகப் பதிவுசெய்துகொண்டார். போலிகள் வேறு பெயர்களில் உலகெங்கும் கிளம்பின. ஆனால் இதைச் செய்து முடிக்க அவருடைய சமையலறைக்கு மூன்று நாள் பிடிக்கிறது என்பது வரிசையில் நின்ற எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? மாவைப் புளிக்கவைத்து, குளிரவைத்து, அதற்குள் வெண்ணெய்த் தகட்டை வைத்து மடித்து, மீண்டும் குளிரவைத்து மடிக்கும் வேலை அது. மூன்றாக மடிப்பதை மூன்று முறை செய்தால் 3 × 3 × 3, அதாவது 27 வெண்ணெய் அடுக்குகள். வெண்ணெய் அதிகம் குளிர்ந்திருந்தால் மாவுக்குள் துண்டு துண்டாக உடையும். இளகியிருந்தால் மாவோடு கலந்து அடுக்கே இல்லாமல் போகும். வளைத்தால் வளைய வேண்டும், உடையவும் கூடாது, விரலில் அப்பவும் கூடாது. அந்தப் பதம் ஐரோப்பிய பேக்கரிகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. ஆன்செலின் புதுமை கடைசிப் படியில்தான் இருக்கிறது. அந்தப் படிக்குக் கீழே உள்ள ஏணி மிகப் பழையது.

லாவா கேக்குக்கு இரண்டு பிறப்புக் கதைகள் உண்டு. பிரான்சில் மிஷேல் பிராஸ் 1981இல் செய்த வகையில், உறையவைத்த சாக்லேட் கலவையை மாவின் நடுவே புதைத்து வேகவைப்பார்கள். வெளியே கேக் வேகும் நேரத்துக்குள் நடு உருகும். நியூயார்க்கில் ழான்-ஜார்ஜ் வொங்கரிஷ்டன் 1987இல் செய்த வகையில் தனியாக எதையும் புதைப்பதில்லை. கேக்கை முழுதாக வேகும் முன்பே ஓவனிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இன்று ரீல்களில் வருவதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை. இதில் ரகசியப் பொருள் எதுவும் இல்லை. முட்டையின் புரதம் சுமார் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இறுகத் தொடங்கி, 80 டிகிரிக்குள் நன்றாகக் கெட்டியாகிவிடும். விளிம்பு அந்த வெப்பத்தைத் தாண்டியிருக்க வேண்டும், நடு எட்டியிருக்கக் கூடாது. அந்த இடைவெளி ஓரிரு நிமிடம்தான் நீடிக்கும். வெந்ததற்கான பதம் தெரியாதவர், வேகாததற்கான பதத்தை எப்படிப் பிடிப்பார்? பார்வைக்கு எளிமையான இந்தக் கேக், ஓவனை நன்கு அறிந்தவருக்கான பாடம். தொடங்குபவருக்கு முதல் பாடமாக இதைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

மேற்பரப்பு கருகிய பாஸ்க் சீஸ்கேக் இன்னொன்று. ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரில் லா வின்யா என்ற சிறிய உணவகத்தில் சாந்தியாகோ ரிவேரா 1990 வாக்கில் செய்யத் தொடங்கியது. உலகம் அதைக் கவனிக்க ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது. க்ரீம் சீஸ், முட்டை, சர்க்கரை, க்ரீம், ஒரு பிடி மாவு. கேக் என்ற பெயர் இருந்தாலும் இது முட்டையால் இறுகும் கஸ்டர்ட் இனத்தைச் சேர்ந்தது. அதிக வெப்பத்தில் வைத்து மேலே கருக்கி, நடு இன்னும் தளதளவென்று ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். மீதியை அதனுள்ளே தங்கிய சூடும் பிறகு வரும் குளிர்ச்சியும் பார்த்துக்கொள்ளும். வைரல் இனிப்புகளில் தொடங்குபவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். பிழைகளை இது நிறையப் பொறுத்துக்கொள்ளும், கஸ்டர்டின் பதத்தையும் கற்றுத்தரும்.

துபாய் சாக்லேட்டுக்கு வருவோம். ஃபிக்ஸ் டெஸர்ட் சாக்லேட்டியர் என்ற நிறுவனத்தைச் சாரா ஹமூதா 2021இல் துபாயில் தொடங்கினார். 2023 இறுதியில் ஒரு காணொளி வழியாக அந்தச் சாக்லேட் உலகத்துக்குப் போயிற்று. உள்ளே பிஸ்தா க்ரீமும், கதாயிஃப் என்ற நூல் போன்ற மெல்லிய மாவிழையும். இதில் இரண்டு பதங்கள் இருக்கின்றன. ஒன்று, இழையை வெண்ணெயில் ஈரம் முழுதும் போகப் பொன்னிறமாக வறுப்பது. மொறுமொறுப்பைக் கெடுப்பது தண்ணீர், கொழுப்பு அல்ல. பிஸ்தா க்ரீம் கொழுப்புப் பசை என்பதால் இழை அதற்குள் நாள்கணக்கில் மொறுமொறுப்பாக இருக்கும். பால் கலந்த க்ரீமைக் கொண்டு அதை நகலெடுத்தவர்கள், சிறிது நேரத்திலேயே இழை நமத்துப்போனதைப் பார்த்திருப்பார்கள். மற்றொன்று டெம்பரிங். கொக்கோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது; பளபளப்பும் "டக்" என்று உடையும் தன்மையும் ஐந்தாம் வகையில்தான் கிடைக்கும். அதற்காக டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 28 வாக்கில் இறக்கி, மீண்டும் 31-32க்கு ஏற்றுகிறார்கள். வெறுமனே உருக்கி அச்சில் ஊற்றினால் சுவை இருக்கும். ஆனால் கையில் எடுத்ததும் பிசுபிசுக்கும், நாளடைவில் மேலே சாம்பல் பூத்தது போல வெளுக்கும்.

பார்த்தீர்களா, நான்கு மோகங்களுக்குள் அடுக்குமாவு, முட்டையின் இறுக்கம், கஸ்டர்ட், சாக்லேட் டெம்பரிங் என்று பழைய வேலைகளே உட்கார்ந்திருக்கின்றன.

தொடங்க வேண்டிய இடம்: வெண்ணெயும் சர்க்கரையும்

இவற்றுள் எதையும் தொடுவதற்கு முன், அலங்காரமே இல்லாத ஒரு வெண்ணெய்க் கேக்கைச் செய்யச் சொல்வேன். பவுண்ட் கேக் என்று ஆங்கிலத்தில் பெயர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம், என்பதால் வந்த பெயர். பிரெஞ்சுக்காரர்கள் "நான்கு கால் பங்கு" என்ற பொருளில் கத்ர்-கார் என்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மறக்க முடியாத செய்முறை. பின்னாளில் அமெரிக்க வீடுகளில் 1-2-3-4 கேக் வந்தது: ஒரு கப் வெண்ணெய், இரண்டு கப் சர்க்கரை, மூன்று கப் மாவு, நான்கு முட்டை. அளவு இப்படி விரல்விட்டு எண்ணும்படி எளிதாக இருந்ததால், கவனம் எல்லாம் கைவேலைக்குப் போயிற்று.

இங்கிலாந்தின் 18ஆம் நூற்றாண்டு செய்முறைகளில் இந்தக் கேக் மாவைக் கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்லியிருக்கும். அன்று பேக்கிங் பவுடர் கிடையாது. ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேய மருந்தாளுநர் அதன் தொடக்க வடிவத்தை 1843இல் செய்தார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாததுதான் காரணம். அதற்கு முன் பவுண்ட் கேக் உப்பியது முழுக்க முழுக்க அடித்துப் புகுத்திய காற்றால்.

அந்தக் காற்று எப்படி உள்ளே போகிறது என்பதை மட்டும் புரிந்துகொண்டால் பேக்கிங்கில் பாதி புரிந்துவிடும். வெண்ணெயோடு சர்க்கரையைச் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரையின் கூரான படிக விளிம்புகள் வெண்ணெயைக் கீறிக் கீறி நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. வெண்ணெய் அவற்றைச் சிறைப்பிடித்து வைத்துக்கொள்கிறது. ஓவனில் அந்தக் காற்று விரிகிறது, ஈரம் ஆவியாகி அதே அறைகளை ஊதுகிறது. பேக்கிங் பவுடர் போட்டாலும் கதை இதுதான். அது வெளியிடும் கரியமில வாயு ஏற்கெனவே உள்ள அறைகளுக்குள் புகுந்து அவற்றைப் பெரிதாக்குகிறது; புதிய அறைகளை உருவாக்குவதில்லை. ஆகவே அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் விட்டுவிட்டு, பேக்கிங் பவுடரைக் கூட்டிப் போட்டால் கேக் பஞ்சாக வராது. சில பெரிய ஓட்டைகளும், நடுவே குழியும், நாக்கில் ஒரு கசப்பும்தான் மிஞ்சும்.

வெண்ணெய் எந்த நிலையில் இருக்க வேண்டும்? 18 முதல் 20 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையென்றால் விரலால் அழுத்துங்கள். குழி விழ வேண்டும், ஆனால் விரல் தடையின்றி உள்ளே இறங்கிவிடக் கூடாது. மேற்பரப்பில் எண்ணெய்ப் பளபளப்பு தெரியக் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கட்டி வெண்ணெய் காற்றை ஏற்காது. உருகிய வெண்ணெய் ஏற்ற காற்றை வைத்துக்கொள்ளாது. நேரமில்லை என்று மைக்ரோவேவில் வைத்து இளக்குவதுதான் தொடங்குபவர்கள் அதிகம் செய்யும் தவறு என்பது என் அனுபவம். பாதி உருகி, பாதி கட்டியாக இருக்கும் வெண்ணெயை எவ்வளவு அடித்தாலும் சரிவராது. வெப்பமான சமையலறை என்றால் சிறு துண்டுகளாக நறுக்கிப் பத்து நிமிடம் வெளியே வைத்தாலே போதும்.

அடிக்கத் தொடங்கியதும் ஈர மணல் போல இருக்கும். பிறகு பசை போல ஒட்டும். பலர் நிறுத்துவது இங்கேதான், இரண்டு பொருளும் கலந்துவிட்டன என்று நினைத்து. நிறுத்தாதீர்கள். கை பீட்டரில் மேலும் மூன்று நான்கு நிமிடம், மரக்கரண்டியில் அதைவிட மிக அதிகம். மஞ்சள் நிறம் வெளிறி வெண்மையை நெருங்கும். அளவு கண்ணுக்குத் தெரிந்து கூடும். பீட்டரின் ஓசை கூட மாறும், கனத்த இரைச்சல் மென்மையான சலசலப்பாகும். விரலால் தொட்டால் சர்க்கரை இன்னும் லேசாக நறநறக்கும், அது இருக்கலாம். இதுதான் பதம். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது.

அடுத்து முட்டை. ஓடு நீங்கலாக ஒரு முட்டை சுமார் 50 கிராம். அதில் முக்கால் பங்கு தண்ணீர். வெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு. ஆக, கொழுப்புக்குள் தண்ணீரைச் சேர்க்கிறீர்கள். இரண்டும் ஒட்டாத பங்காளிகள். மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின்தான் இடையில் நின்று சமாதானம் செய்கிறது. அதற்கு அவகாசம் கொடுக்க முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றும் முழுதும் கலந்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். குளிர்ந்த முட்டையை மொத்தமாகக் கொட்டினால் கலவை திரிந்து, தயிர் உடைந்தது போல ஆகும். ஆகிவிட்டதா? பயப்பட வேண்டாம். அளந்து வைத்த மாவிலிருந்து ஒரு மேசைக்கரண்டி போட்டு அடியுங்கள், பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

மாவு சேர்த்ததும் வேலையின் தன்மை தலைகீழாக மாறுகிறது. இதுவரை அடித்தது நல்லது, இனி அடிப்பது கேடு. கோதுமை மாவில் உள்ள குளூட்டனின், கிளையடின் என்ற புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் வலையாகப் பின்னிக்கொள்ளும். ரொட்டிக்கு அந்த வலை வேண்டும். அதனால் அங்கே 12-14 சதவீதப் புரதமுள்ள மாவும் நீண்ட பிசைதலும். கேக்குக்கு 7-9 சதவீதப் புரதமுள்ள மாவு, வெள்ளைத் தடம் மறையும் வரை மட்டும் கலக்கல். அதற்கு மேல் கலக்கினால் இழுவையாக, ரப்பர் போல வரும்.

முட்டை நுரை பற்றிச் சுருக்கமாக. வெள்ளைக் கருவை அடித்தால் எட்டு மடங்கு வரை பெருகும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ, துளி மஞ்சள் கருவோ இருந்தால் அந்த அளவுக்கு எழும்பாது. அடிக்கும் கம்பியைத் தூக்கினால் நிற்கும் கொக்கி நுனி வளைந்து, பளபளவென்று இருக்க வேண்டும். மங்கி, பஞ்சுத் துணுக்குகளாகப் பிரிந்தால் பதம் தப்பிவிட்டது. பஞ்சு பஞ்சான சூஃப்ளே பேன்கேக், மெக்கரூன், காற்றாய் இருக்கும் சிஃபான் கேக் எல்லாம் இந்த ஒரு பதத்தை நம்பி நிற்பவை. 2020 ஊரடங்கில் எல்லோரும் கை வலிக்க அடித்த டால்கோனா காபி கூட ஒரு நுரைப் பாடம்தான். அங்கே முட்டைக்குப் பதில் இன்ஸ்டன்ட் காபித்தூள்.

ஓவன் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள்

வீட்டு ஓவனின் திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 10, 20 டிகிரி கூடுதலோ குறைவோ சாதாரணம். முன்சூடு முடிந்ததாக விளக்கு அணைந்தாலும், சுவர்களும் தட்டும் முழுதும் சூடேற இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் தேவை. வண்ண வண்ணமான அச்சுகளுக்குச் செலவிடும் பணத்தில் இரண்டு பொருள்களை முதலில் வாங்கச் சொல்வேன்: உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர், கிராம் காட்டும் சமையலறைத் தராசு. ஒரு கப் மாவைத் தளர்வாக நிரப்பினால் 120 கிராம் வாக்கில் இருக்கும். பையில் கப்பை அழுத்தி அள்ளினால் 150ஐத் தொடும். செய்முறையைப் பார்த்து ஒரே கப்பை இரண்டு பேர் நிரப்பினால், இருவர் செய்வதும் இரண்டு வேறு கேக்குகள்.

வெந்ததை அறிய நிமிடத்தைப் பார்க்காதீர்கள். முதலில் வாசம் வரும்; வெண்ணெய் வாசம் வறுபட்ட வாசமாக மாறும். பிறகு விளிம்பு டின்னை விட்டு மயிரிழை விலகும். நடுவே விரலால் மெல்ல அழுத்தினால் மேலெழும்பும். குச்சியைச் செருகினால் ஈர மாவு ஒட்டாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். கேக்கில் அது செல்லாது. விளிம்பில் குத்திப் பார்த்துவிட்டு வெந்தது என்று சொல்ல முடியாது, எப்போதும் நட்டநடுவில்தான் பார்க்க வேண்டும். உள்ளே 96-98 டிகிரி என்றால் வெண்ணெய்க் கேக் தயார். மேலே எரிமலை போலக் குவிந்து வெடித்தால் ஓவன் சூடு அதிகம். வெளிறி, வறண்டு, தட்டையாக வந்தால் சூடு குறைவு. பாதியில் கதவைத் திறந்து பார்க்கும் ஆசையை முதல் இருபத்தைந்து நிமிடமாவது அடக்குங்கள்; இறுகாத கேக் சூடு தணிந்ததும் உட்கார்ந்துவிடும்.

மோகம் கெட்டதா?

மோகங்களை வெறுக்கும் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. மிஷேல் பிராஸின் கேக்கும் ஆன்செலின் க்ரோனட்டும் கைவேலையைக் கரைத்துக் குடித்தவர்கள் பலமுறை முயன்று கண்டவை. 2020இல் ஊரடங்கின்போது பல நாடுகளில் கடைகளில் மாவும் ஈஸ்டும் காலியாயின. அன்று தொற்றிக்கொண்ட புளித்தமாவு ரொட்டி மோகம், ஒருபோதும் மாவு பிசையாத பலரை நாள்கணக்கில் காத்திருக்கவும் நுரைப்பைக் கவனிக்கவும் கற்றுக்கொள்ள வைத்தது. ஒரு மோகம் ஆளைச் சமையலறைக்குள் அழைத்து வந்தால் அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

கவலை வேறு இடத்தில். ஒரே பண்டத்தை இரண்டாம் முறை செய்யும் வாய்ப்பை மோகம் தருவதில்லை. இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று. கைப்பக்குவம் என்பது திரும்பத் திரும்பச் செய்வதில் மட்டுமே சேரும் சொத்து. வணிகத்திலும் இதைப் பார்க்கலாம். நியூயார்க்கின் மேக்னோலியா பேக்கரி 1996இல் திறந்தது. சில ஆண்டுகளில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் அதன் கப்கேக் வந்ததும் உலகெங்கும் கப்கேக் கடைகள் முளைத்தன. க்ரம்ப்ஸ் என்ற கப்கேக் நிறுவனம் 2011இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, 2014 ஜூலையில் தன் கடைகள் அனைத்தையும் மூடியது. ஆனால் கப்கேக் என்பது சிறு கோப்பைகளில் வேகவைத்த அதே வெண்ணெய்க் கேக். 1796இலேயே அமெரிக்கச் செய்முறைகளில் அது இருந்தது. அலை வந்து போனது. வீட்டில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அலைக்கு முன்னும் செய்தார்கள், இப்போதும் செய்கிறார்கள்.

பழையது எல்லாம் பொன் என்றும் நான் சொல்லவில்லை. "தேவையான அளவு மாவு", "மிதமான சூடு" என்று எழுதிய பழைய குறிப்பேடுகள், அருகில் நின்று பார்த்துக் கற்றவர்களுக்காக எழுதப்பட்டவை. அருகில் நிற்க ஆளில்லாத இன்றைய தொடக்கக்காரருக்குக் கிராமும் டிகிரியும் பெரிய துணை. நல்ல நீண்ட காணொளிகளும் அப்படித்தான். வெண்ணெய் வெளிறுவதை வெட்டாமல் காட்டும் ஒரு காணொளி, பக்கத்தில் நின்று சொல்லித்தரும் பாட்டிக்குச் சமம்.

எப்படிப் பழகுவது

ஒரே வெண்ணெய்க் கேக்கை ஐந்து முறை செய்யுங்கள். பவுண்டு கணக்கு பெரிது. ஒவ்வொரு பொருளும் 150 கிராம், அதாவது மூன்று முட்டை, ஒரு சிறிய லோஃப் டின்னுக்குப் போதும். ஒரு சிட்டிகை உப்பு, முதல் இரண்டு முறை ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். 170 டிகிரியில் 45 நிமிடம் தாண்டியதும் குச்சியால் பார்க்கத் தொடங்கலாம். மூன்றாம் முறை பேக்கிங் பவுடரை விட்டுவிடுங்கள். நீங்கள் அடித்துச் சேர்த்த காற்று எவ்வளவு என்பதை அந்தக் கேக் ஒளிக்காமல் காட்டிவிடும். கொஞ்சம் அடர்த்தியாக வரும். பரவாயில்லை, அதுவே அதன் இயல்பு. ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: வெண்ணெய் விரலுக்கு எப்படி இருந்தது, எத்தனை நிமிடத்தில் நிறம் மாறியது, தெர்மாமீட்டர் என்ன காட்டியது, வெட்டியபோது உள்ளே எப்படி இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் உங்கள் ஓவனின் குணம் முழுவதும் எழுதப்பட்டிருக்கும்.

அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது அவளுக்கு முகம் வாடியது. லாவா கேக் கேட்டவளுக்கு வெறும் கேக்கைச் சொன்னால் வாடாதா? ஆனாலும் செய்தாள். இரண்டாவது கேக்கின்போது அவளே தெர்மாமீட்டரைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்: விளக்கு அணைந்த நேரத்தில் உள்ளே 155தான் இருந்தது, கால் மணி நேரம் கழித்து 190. லாவா கேக் சரிந்த வாரம் அவள் விளக்கு அணைந்ததும் வைத்திருந்தாள். இறுகிப்போன வாரம் ஓவன் முக்கால் மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்கு முதல் வாரம் கனமான பீங்கான் கிண்ணம், அடுத்த வாரம் மெல்லிய உலோக அச்சு. எழுத்தில் இரண்டு முறையும் 12 நிமிடம்.

ஐந்தாவது வெண்ணெய்க் கேக்கின் மறுநாள் மறுபடி லாவா கேக் வைத்தாள். இம்முறை கடிகாரத்தைப் பார்க்காமல் ஓவன் கண்ணாடி முன் குந்தி உட்கார்ந்திருந்தாள். விளிம்பு மங்கி இறுகியது. நடுவே காசு அளவு வட்டம் மட்டும் இன்னும் ஈரமாகப் பளபளத்தது. அச்சை லேசாக அசைத்தாள், அந்த வட்டம் மட்டும் ஆடியது. "சித்தி, இப்ப எடுக்கறேன்" என்று ஃபோனில் சொன்னாள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கேட்டேன். பார்க்க மறந்துவிட்டேன் என்றாள்.